அண்ணாச்சி பதில்கள்: இந்த வாரம் பூரா கரடிதான்

போன இதழ்ல வேற ஒரு கேள்விக்கு பதில் எழுதுதப்போ, 'ஜங்கிள் புக்' கார்ட்டூன் படத்துல பாலூ கரடி பாடுத 'தி பேர் நெசசிட்டீஸ்' பாட்ட பொறவு எத்தனையோ பேர் பாடியிருக்காவ, ஆனா 1967ல வந்த மூலப்பாட்ட அடிச்சிக்கிட ஆளு கெடையாதுன்னு போற போக்குல ஒரு வரி போட்டேன். அம்புட்டுதான். கடிதாசி, வாட்ஸப்பு, டீக்கடையில மறிச்சி நிறுத்தி வையுததுன்னு ஒரே ரகள. சரி, எல்லாத்தையும் இந்த வாரமே பேசித் தீத்துருவோம்.

விக்கிரமசிங்கபுரத்துலருந்து ஒரு ஆச்சி: எய்யா, எம்பேத்தி நாள் முழுக்க போன்ல அந்த கரடிப் பாட்டத்தான் கேக்கா. 2016ல வந்த புதுப்படத்துல உள்ளதுதான் நல்லாருக்குன்னு அவ சொல்லுதா, பழசுதான் பாட்டுன்னு எம்மவன் சொல்லுதான், ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தா இதே பஞ்சாயத்து. எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கு. நீங்க பழசுக்கு ஓட்டு போட்டுட்டியளே, ஏன்னு சொல்லுங்க.

பதில்: ஆச்சி, உங்க காதுல கோளாறு ஒண்ணும் இல்ல, மெட்டு ஒண்ணுதான. வித்தியாசம் எல்லாம் பாடுத ஆளோட சோம்பேறித்தனத்துல இருக்கு. அந்தப் பாட்டுல கரடி என்ன சொல்லுது, கவலைய விடு, வேண்டியது எல்லாம் காட்டுலயே கெடக்கு, தேனீ தேன் சேத்து வச்சிருக்கு, கல்லப் பெரட்டுனா எறும்பு இருக்கு, இல்லாதத தேடி ஓடாத, தேவையானது உன்னத் தேடி வரும். இத ஒருத்தன் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நரம்பு பொடைக்க பாடுனான்னா எவன் நம்புவான்? அதனால இந்தப் பாட்ட யாரு பாடுனாலும் நான் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பேன், ஆளு அலட்டிக்கிடாம பாடுதானா இல்லையா.

மூலப்பாட்ட எழுதி மெட்டும் போட்டது டெரி கில்கிசன். நாட்டுப்புறப் பாட்டுக்காரரு, டீன் மார்ட்டின் பாடி 1956ல அமெரிக்காவ ஒரு கலக்கு கலக்குன 'மெமரீஸ் ஆர் மேட் ஆஃப் திஸ்' பாட்ட எழுதுன மூணு பேர்ல ஒருத்தரு. 'ஜங்கிள் புக்'குக்கு முதல்ல பில் பீட்டுங்கவரு கத பண்ணுனாரு, அது மூலக்கத எழுதுன கிப்ளிங்கோட புஸ்தகம் மாதிரியே கொஞ்சம் இருட்டான கத, கில்கிசன் பாட்டும் அதுக்குத் தக்கன இருந்துச்சு, வால்ட் டிஸ்னிக்கு ரெண்டும் பிடிக்கல, கதைய மாத்தி, பாட்டுகளத் தூக்கி கடாசி, ஷெர்மன் அண்ணன் தம்பி ரெண்டு பேருட்டயும் புதுசா எழுதச் சொல்லிட்டாரு. அதுல தப்பிச்சது இந்த ஒரு பாட்டுதான். டிஸ்னி 1966 டிசம்பர்ல செத்துப் போனாரு, படம் 1967 அக்டோபர்ல வந்துச்சு, அவரு முழுசா உருண்டு பொரண்டு வேல பாத்த கடைசி கார்ட்டூன்கள்ல ஒண்ணு இது.

பாடுனது பில் ஹாரிஸ். அமெரிக்க காமெடிக்காரரு ஜாக் பென்னியோட ரேடியோ நிகழ்ச்சியில பேண்டு நடத்திக்கிட்டு கூடவே காமெடியும் பண்ணுன ஆளு. கரடிக்குன்னு தனியா ஒரு குரல் எல்லாம் அவரு வைக்கல. எழுதிக் குடுத்த வசனத்தையும் தன் வாய்க்குத் தோதா மாத்திப் பேசிட்டாரு. பாட்டுலயும் அதேதான், தாளம் முன்னால போவுது, இவரு பொறத்தால ஆடி அசைஞ்சி வாராரு, ஆனா ஒரு எடத்துல கூட விட்டுப் போவல, அதுதான் வித்தை. நடுநடுவுல பாலூட்ட கேள்வி கேக்குத, காட்டுல வளருத பய மௌக்ளியோட குரல், டைரக்டர் வூல்ஃப்கேங் ரைதர்மனோட சொந்த மகன் புரூஸ். நம்ம கொடையில வில்லுப்பாட்டு கேட்டிருப்பிய, முன்பாட்டுக்காரரு ஒண்ணு சொல்ல பக்கத்துல உக்காந்திருக்கவரு 'ஆமா, பொறவு?'ன்னு கேட்டு வாங்குவாருல்லா, அந்த வேலையத்தான் அந்தப் பய செய்யுதான். எறும்பா திங்கன்னு அவன் கேக்கதும் கரடி அதுக்கு பதில் சொல்லுததும் பாட்டா பேச்சான்னே தெரியாது.

இப்போ பேத்தி கட்சி. ஜான் ஃபாவ்ரோ எடுத்த 2016 படத்துல பாடுனது பில் மர்ரே. அவரு பாடகரு கெடையாது, நடிகரு. பேசுதாப்ல முணுமுணுத்துக்கிட்டு ஆத்துல மிதந்துக்கிட்டே பாடுதாரு, அவரு வயித்து மேல மௌக்ளியா நடிச்ச நீல் சேத்திங்கிற பய உக்காந்து கூடப் பாடுதான். அந்தப் படம் மொத்தமுமே புலிய நெனச்சி பயந்துக்கிட்டு பாக்க படம், அதுக்கு நடுவுல இந்த எடம் வந்ததும் தியேட்டர்ல மூச்சு விடுவோம். அலட்டிக்கிடாம பாடுதாரான்னு கேட்டா, ஆமா, பாஸு. பேத்தி சொல்லுததுல ஞாயம் இருக்கு. ஆனா படத்த விட்டுட்டு பாட்ட மட்டும் தனியா போட்டுக் கேளுங்க, ஆறும் வெயிலும் இல்லன்னா பாதிப் பாட்டு காணாமப் போயிருது. பாவநாசத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஆத்துல மல்லாந்து கெடக்க சொகத்த உங்களுக்கு நான் சொல்லணுமா. பழைய பாட்ட கண்ண மூடிக்கிட்டு கேட்டாலும் கரடி தெரியும். மவன் கட்சிக்கு என் ஓட்டு போனது அதுக்குத்தான்.

பாளையங்கோட்டையிலருந்து பேண்டு செட்டுல டிரம்பெட் வாசிக்க ஒரு வாசகர்: அண்ணாச்சி, ஜாஸ் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் பாடுனதப் பத்தி ஒரு வார்த்த கூட எழுதாம தீர்ப்பு சொல்லிட்டிய. அவர விட்டுட்டு ஒரு தீர்ப்பா?

பதில்: வாங்க தம்பி, உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். படம் வந்த அடுத்த வருசமே, 1968ல, ஆம்ஸ்ட்ராங் டிஸ்னி பாட்டுகள மட்டும் வச்சி ஒரு ஆல்பம் போட்டாரு, அதுல இதுவும் உண்டு. அப்போ அவருக்கு 66 வயசு, ஒடம்பும் சரியில்ல, அதுக்கு மூணு வருசத்துல போயிட்டாரு. ஆனா அந்தக் குரலக் கேட்டா நோக்காடு உள்ள மனுசன் மாதிரியா இருக்கு? கரகரன்னு, வரிய முழுசா பாடாம பாதியில சிரிச்சிக்கிட்டு, எடையில வார்த்தையே இல்லாத சத்தத்தப் போட்டு நெரப்பிக்கிட்டு போறாரு. பில் ஹாரிஸு தாளத்துக்குப் பொறத்தால வாராருன்னு சொன்னேன்லா, அப்பிடிப் பாடலாம்னு ஒலகத்துக்கே காட்டிக் குடுத்த ஆளுகள்ல முக்கியமான ஆளே ஆம்ஸ்ட்ராங்தான், 1920கள்லயே.

இதுல ஒரு விசேசம் இருக்கு. மூலப்பாட்டுல கேக்க டியூபா, பாஞ்சோ, டிரம்பெட்டு எல்லாம் அமெரிக்காவுல ஜாஸ் இசை பொறந்த நியூ ஆர்லியன்ஸ் பாணி, செத்த வீட்டுலருந்து கல்லறைக்குப் போற வழியில சோகமா ஊதிட்டு, அடக்கம் முடிஞ்சி திரும்பி வாரப்போ ஆடிக்கிட்டே வாசிக்காங்களே அந்த ஊரு. ஆனா பாட்டு எழுதுன கில்கிசன் பென்சில்வேனியாக்காரரு. பாடுன ஹாரிஸு இண்டியானாவுல பொறந்து நாஷ்வில்ல வளந்தவரு. நியூ ஆர்லியன்ஸுக்கும் இவுகளுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. பொறவு இதத் திரும்பப் பாடுனவங்க பட்டியல எடுத்துப் பாருங்க. ஆம்ஸ்ட்ராங், நியூ ஆர்லியன்ஸ். 1991ல ஒரு டிஸ்னி தொகுப்புல பாடுன ஹாரி கானிக் ஜூனியர், நியூ ஆர்லியன்ஸ், அதுலயும் அந்த ஆளு பொறந்தது 1967 செப்டம்பர், படம் வாரதுக்கு ஒரு மாசம் முன்னால. 2016 படத்தோட ஆல்பத்துல தனியா ஒரு தடவ பாடியிருக்க டாக்டர் ஜான், அவரும் அந்த ஊருதான். அதே ஆல்பத்துல பில் மர்ரே கூட சேந்திருக்க டிரம்பெட்காரரு கெர்மிட் ரஃபின்ஸ், அவரும் அதே ஊரு. வெளியூர்க்காரன் எழுதுன பாட்ட உள்ளூர்க்காரங்க ஒவ்வொருத்தரா வந்து வாங்கிட்டுப் போயிருக்காவ.

இந்த நாலு பேர்ல எனக்கு ஆம்ஸ்ட்ராங்குக்கு அடுத்து டாக்டர் ஜான்தான். அந்தக் குரல்ல ஒரு களவாணித்தனம் இருக்கும், கரடி சொல்லுததக் கேட்டு நடந்தா நல்லதுதானான்னு லேசா சந்தேகம் வரும், அது இந்தப் பாட்டுக்கு ரொம்ப பொருத்தம். கானிக் ஜூனியர் கெட்டிக்காரர், அதுல மறுபேச்சில்ல, அப்போ அவருக்கு 24 வயசு கூட தெகையல, ஆனா 'எம்புட்டு ஈசியா பாடுதேன் பாருங்க'ன்னு அவரு நம்மட்ட காட்டுத மாதிரி எனக்குத் தோணும். காட்டுனா போச்சு.

அப்போ ஆம்ஸ்ட்ராங்குக்கு ஏன் ஓட்டு போடலன்னு கேப்பிய. காரணம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. அவரு பாடுனா எனக்கு ஆம்ஸ்ட்ராங்தான் தெரியுதாரு, கரடி தெரியல. தனிப் பாட்டா கேக்க அவருதான் ராசா, சத்தியமா சொல்லுதேன். கார்ட்டூன் பாட்டாக் கேக்கப்போ ஹாரிஸு. இன்னொரு சமாச்சாரம், அதே படத்துல குரங்கு ராசா லூயிக்கு முதல்ல ஆம்ஸ்ட்ராங்கதான் யோசிச்சாவ, கறுப்பினத்து மனுசன குரங்குக்குப் பாட வச்சா ஊரு என்ன சொல்லும்னு பொறவு விட்டுட்டாவ. அங்க வந்து பாடுனது லூயி பிரைமா. வெள்ளக்காரரு, இத்தாலி வம்சம். பொறந்த ஊரு எதுன்னு நெனைக்கிய? நியூ ஆர்லியன்ஸேதான்.

களக்காட்டுலருந்து ஒரு வாசகர்: அந்தப் பாட்டுல கரடி சப்பாத்திக்கள்ளிப் பழம் பறிக்கச் சொல்லிக் குடுக்காமே, நெசமா? நம்ம மலையில உள்ள கரடியும் பாலூவும் ஒரே ஜாதியா?

பதில்: நெசம்தான் வே. வெறுங்கையால தொட்டா குத்தும், நகத்தால பறின்னு பாட்டுலயே வருது, மௌக்ளி மொதல்ல கையக் குத்திக்கிடுவான். இந்த வரிக்கு இங்கிலாந்துப் பிள்ளையள விட நம்ம பக்கத்துப் பிள்ளையளுக்குத்தான் அர்த்தம் தெரியும். தரையில போட்டு தேச்சி, மேல உள்ள சொனையப் போக்கி, பிச்சி உள்ளுக்குள்ள இருக்க முள்ள எடுத்துப் போட்டுட்டு தின்னு, வாயும் சட்டையும் செவப்பா வீட்டுக்குப் போயி அடி வாங்காத பய நம்மூர்ல உண்டா? ஆனா அந்தக் கள்ளியே நம்ம நாட்டுச் செடி கெடையாது, அமெரிக்காவுலருந்து வந்தது. ஒரு காலத்துல தரிசு எல்லாம் மண்டிப் போயி, அத அழிக்கதுக்குன்னே 1926ல இலங்கையிலருந்து ஒரு பூச்சிய தென்னிந்தியாவுக்குக் கொண்டாந்து விட்டாவ, அது நல்லாவே தின்னு தீத்துச்சி. கிப்ளிங்கோட கத நடக்குத காடு மத்தியப் பிரதேசத்து சியோனி. அங்க உள்ள கரடி இந்தக் கள்ளிப் பழத்த தின்னிருக்கும்னு கில்கிசன் யோசிச்சி எழுதினாரா, இல்ல எதுக மோனைக்கு எழுதினாரான்னு நீரே முடிவு பண்ணிக்கிடும். எனக்கு ரெண்டாவதுதான் தோணுது.

ஜாதி கேட்டீரு. களக்காடு முண்டந்துறையில இருக்கது தேன்கரடி, நெஞ்சுல வெள்ளையா 'வி' மாதிரி ஒரு கோடு இருக்கும், மத்தியப் பிரதேசத்துலயும் அதுதான். மேல்வாயில முன்பல்லு ரெண்டு கெடையாது, அந்த ஓட்ட வழியா கரையானப் புத்துலருந்து உறிஞ்சி எடுக்கும், மண்ணு மூக்குக்குள்ள போவாம மூக்க மூடிக்கிடவும் அதுக்குத் தெரியும். நகம் நீட்டு நீட்டா இருக்கும். கல்லப் பெரட்டி எறும்பு தின்ன பாலூ சொல்லுதது அந்த வகையில சரிதான். சும்மா படுத்துக் கெடந்தா வாயில வந்து விழும்னு சொல்லுதது மட்டும் சுத்தப் பொய், புத்தத் தோண்டுத கரடியப் பாத்தவங்களக் கேளுங்க, ஜேசிபி தோத்துரும். அதுபோக புஸ்தகத்துல வார பாலூ சோம்பேறியே கெடையாது, காட்டுச் சட்டத்த மனப்பாடம் பண்ண வச்சி, தப்பா சொன்னா மௌக்ளிய அடிக்கவும் செய்யுத வாத்தியாரு. படத்துக்காரங்கதான் வாத்தியார ஊர் சுத்தியா ஆக்கிட்டாவ. நீரு மலைப்பக்கம் போனா அது பாடும்னு நெனச்சி கிட்டப் போயிராதயும்.

தென்காசியிலருந்து ஒரு வாசகி: எங்களுக்கெல்லாம் ஜங்கிள் புக் பாட்டுன்னா 'ஜங்கிள் ஜங்கிள் பாத் சலீ ஹை'தான் அண்ணாச்சி. அத ஏன் கணக்குல எடுக்கல?

பதில்: அது வேற குடும்பம் தாயி. 90கள்ல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கெழம வந்தது ஜப்பான்காரங்க எடுத்த கார்ட்டூன் தொடர், அதுக்கு இந்தியில குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் மெட்டுப் போட்டது. டிஸ்னிக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. அர்த்தம் தெரியாமலே நம்ம ஊர்ல அத்தன பிள்ளையளும் 'சட்டி பெஹன்கே'ன்னு கத்திக்கிட்டுத் திரிஞ்சிய, பூவுக்கு டவுசர் போட்டு விட்ட பாட்டுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா கத்தியிருப்பிய. பாட்டு அருமையான பாட்டு. ஆனா போட்டியில இல்ல.

சங்கரன்கோவிலிலருந்து ஒரு வாசகர்: 'பீச் பாய்ஸ்'ங்கிற அமெரிக்க பேண்டுல இருந்த பிரையன் வில்சனும் இதப் பாடியிருக்காரே, அதக் கேட்டியளா?

பதில்: கேட்டேன். 2011ல டிஸ்னி பாட்டா எடுத்து ஒரு ஆல்பம் பண்ணுனாரு. குரல் மேல குரலா அடுக்கி, எல்லாம் பளபளன்னு தொடச்சி வச்ச மாதிரி இருக்கும். எனக்கு ஒட்டல. இந்தப் பாட்டுல தூசி இருக்கணும். ஆனா ஒரு தொடர்பு இருக்கு பாருங்க, கில்கிசனோட இந்தப் பாட்டுக்கு முதல்முதல்ல வாத்தியம் அமைச்சிக் குடுத்தது வான் டைக் பார்க்ஸ்னு ஒரு பையன், 1963 வாக்குல, அப்போ அவனுக்கு 20 வயசு இருக்கும். அதே பார்க்ஸ்தான் கொஞ்ச வருசத்துல பிரையன் வில்சனோட உக்காந்து 'ஸ்மைல்' ஆல்பத்துக்குப் பாட்டு எழுதுனது. கூட்டாளி கைபட்ட பாட்டுன்னு வில்சனுக்கு ஒரு பாசம் இருந்திருக்கும், இருக்கட்டும், பாசம் வேற பாட்டு வேற.

வள்ளியூர்லருந்து ஒரு டீச்சர்: எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல அஞ்சாப்புப் பிள்ளையள வச்சி இந்தப் பாட்டப் பாட வைக்கலாம்னு இருக்கேன். எந்தப் பாட்டப் பாத்துப் பழகுனா நல்லது?

பதில்: 1967தான் டீச்சர், கண்ண மூடிக்கிட்டு. ஆம்ஸ்ட்ராங் மாதிரி பாட வச்சிராதிய, பிள்ளைய தொண்டையக் கட்டிக்கிட்டு மறுநா வீட்டுலருந்து சண்டைக்கு வந்துருவாவ. ரெண்டாவது, யூட்யூப்ல கெடைக்க கரோக்கி டிராக்க போடாதிய, அதுல தாளம் கடிகாரம் மாதிரி ஓடும், பிள்ளைய பின்னாலயே ஓடிப்போயி மூச்சு வாங்கும். கீபோர்டு வாசிக்க ஒருத்தரு இருந்தா போதும், எடது கையில டியூபா மாதிரி 'பூம்... பூம்'னு விட்டு விட்டு வாசிக்கச் சொல்லுங்க. பாஞ்சோவுக்கு எங்க போவ, மாண்டலின் வாசிக்க ஆளு இருந்தா ஒண்ணு சேத்துக்கிடுங்க, அச்சு அசலா இல்லன்னாலும் அந்த 'சலக் சலக்' வந்துரும்.

முக்கியமான எடம் நடைதான். ஒவ்வொரு அடியையும் 'தகிட'ன்னு மூணாப் பிரிச்சி, நடுவுல உள்ள 'கி'ய முழுங்கிட்டு 'த..ட த..ட'ன்னு சொல்லிப் பாருங்க, ஜாஸ்காரங்க ஸ்விங்குன்னு சொல்லுதது கிட்டத்தட்ட அதுதான். ரெண்டையும் சமமாப் பிரிச்சிட்டிய, பாட்டு டிரில் பீரியடு மாதிரி ஆயிரும். கை தட்டுத பிள்ளையள ஒண்ணு மூணுல தட்ட விடாம ரெண்டு நாலுல தட்டச் சொல்லுங்க. பிள்ளைய பிடிச்சிக்கிடும், முன்வரிசையில இருக்க பெத்தவங்க ஒண்ணுல தட்டி கெடுத்துருவாவ, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாலூவா நிக்க பிள்ளைக்கு ஒரே ஒரு டிப்பு, வரிய ஒடனே ஆரம்பிக்காம, ஒரு இம்மி லேட்டா ஆரம்பிக்கச் சொல்லுங்க. அதப் பழகத்தான் ரொம்ப நாளாவும். கிளாஸ்ல ரொம்ப சேட்ட பண்ணுத பயலா பாத்து எடுங்க, முதல் ரேங்க் வாங்குத பிள்ளைக்கு இது வராது.

அம்பாசமுத்திரத்துலருந்து ஒரு வாசகர்: உழைக்காம இருன்னு சொல்லுத பாட்ட பிள்ளையளுக்கு சொல்லிக் குடுத்து, அத ஒரு பத்திரிகையில பக்கம் பக்கமா எழுதுதியளே, இது ஒமக்கே நல்லாருக்கா?

பதில்: ஓய், ஒம்மள மாதிரியே அந்தப் படத்துலயும் ஒருத்தர் இருக்காரு, பகீராங்கிற கருஞ்சிறுத்தை, பாட்டு முழுக்க தலையில கை வைக்காத கொறையா மரத்துல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு. பாட்டு முடிஞ்சி கரடி ஆத்துல சொகமா மெதந்துக்கிட்டு இருக்கப்பவே குரங்குக வந்து பயலத் தூக்கிட்டுப் போயிரும், கரடிக்கு அது தெரியக்கூடச் செய்யாது. நீரு சொல்ல வந்தத படமே சொல்லியாச்சி. பாட்டோட நிறுத்தாம அடுத்த சீனையும் பாரும்.

மேலப்பாளையத்துலருந்து ஒரு வாசகர்: இம்புட்டு பேசுதியளே, ஆஸ்கார் வாங்குச்சா?

பதில்: வாங்கல. நாமினேஷனோட சரி. அந்த வருசம் வாங்குனது 'டாக்டர் டூலிட்டில்' படத்துல வந்த 'டாக் டு தி அனிமல்ஸ்', அதுவும் மிருகங்களப் பத்துன பாட்டுதான். அத யாராவது வீட்டுல முணுமுணுத்துக் கேட்டிருக்கியளா? கேட்டிருந்தா எழுதுங்க, அடுத்த வாரம் போடுதேன். கரடிக்கு இனி கடிதாசி வேண்டாம்.